பன்னாடை சுற்றிய பால்மா டின்

மைக் செய்யத் தெரிந்த எனக்கு மைக்கில் பேச வராது. செய்து முடித்த ஒன்றைச் சோதிக்க வேண்டுமென்றால் அதன் முன்னால் யாராவது எதையாவது சொல்ல வேண்டும். திருகோணமலைப் பட்டினத்தில் நான் வேலை செய்த ரேடியோ திருத்தும் கடையில் மற்றவர்கள் “ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு” என்று சொல்லிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஒன்றும் இரண்டும்கூடத் தொண்டையில் நின்றுவிடும். அதனால் என்னுடைய மைக்குகளை வெளியே கொண்டுபோய்ச் சோதித்தேன். கடைக்குப் பின்னால் ஒரு சேவல் நின்றது. தெருக் குழாயில் தண்ணீர் விழுந்தது. துறைமுகத்தில் லாஞ்சி கிளம்பியது. இவற்றுக்குக் கூச்சம் கிடையாது. என்னைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. வெளிச் சத்தம் பிடிக்கிற பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடையில் முதலில் கூட்டித் துடைத்தேன். பிறகு ஈயம் உருக்கி வயர் ஒட்டப் பழகினேன். பிறகு திருத்த வந்த பெட்டிகளைக் கழற்றிப் பூட்டுகிற அளவுக்கு வந்தேன். கிழமை நாட்களில் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் படுக்கை. சனிக்கிழமை விடிந்ததும் லாஞ்சியில் ஏறிக் கொட்டியார்க் குடாவைக் கடந்து மூதூரில் இறங்குவேன். அங்கிருந்து சைக்கிளில் வீட்டுக்கு. எங்கள் வேதக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் திரும்பிவிடுவேன். ஆகவே வீட்டிலும் கடற்கரையிலும் கிழமை முழுக்க நடப்பதில் பாதி எனக்குத் தெரியாது.

எங்கள் ஐயா கரைவலையில் மண்டாடி. தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்கிற தொழில் அது. எப்போது வளைப்பது, எந்தப் பக்கம் இறுக்குவது, எந்தப் பக்கம் விடுவது என்று சொல்கிறவர்தான் மண்டாடி. வலை கரைக்கு வந்ததும் மீனை விற்பதற்கு முன்னால், இழுத்தவர்கள் எல்லோருக்கும் கறிக்கென்று கொஞ்சம் மீன் பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குக் கறிமீன் என்று பெயர். மண்டாடி பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவரும் குனிந்து தன் குவியலை எடுப்பார். கரையில் வைத்துப் பிரித்த கறிமீனைப் பற்றி வீட்டில் வந்து கதைப்பதில்லை. யாருக்கு எவ்வளவு, யாருக்கு இல்லை என்ற கதை கரையைத் தாண்டினால் அடுத்த நாள் வலையின் பையான மடியில் மீன் குறையும் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். சின்ன வயதில் நான் ஒருமுறை கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

தம்பியும் அந்த வலையில்தான் கயிறு பிடித்தான். பிறகு அரபு நாட்டுக்குப் போகிற ஆசை வந்தது. போவதை அம்மாவுக்குச் சொன்னான், எனக்குச் சொன்னான். ஐயாவிடம் சொல்ல மட்டும் அவனுக்குத் துணிவு வரவில்லை. தோணி கடலில் நின்ற நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு லாஞ்சி ஏறிவிட்டான். தன் மகன் போய்விட்டதை ஐயா கரையில் நின்ற ஆட்களின் வாயால் கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயரை அவர் சொன்னதில்லை. அம்மா அவனைப் பற்றிக் கதை எடுத்தால் ஐயா கதிரையை விட்டு எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். கோபப்படவும் மாட்டார். அதுதான் அம்மாவுக்குப் பெரிய பயம். ஏசுகிற மனிதனைச் சமாளிக்கலாம் என்பாள்.

இரண்டு வருடம் முடியப்போகிற நேரம், தம்பியோடு ஒரே இடத்தில் வேலை செய்த கிண்ணியாக்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தார். தம்பி கொடுத்துவிட்டதாக ஒரு கசெற் ரேடியோவையும் ஒரு கசெற்றையும் தந்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்தவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். ஐயா இல்லாத நேரம் பார்த்து அம்மாவும் நானும் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுக் கேட்டோம். தம்பி முதலில் எல்லோரையும் சுகம் விசாரித்தான். அங்கே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள் என்றான். பிறகு கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அவன் குரல் தணிந்து வந்தது.

“அண்ணை, ஐயா என்னோட கதைக்கமாட்டார் எண்டு தெரியும். என்னைப் பற்றி ஒரு சொல்லு அவர்ர வாயில வந்தா, அதைப் பிடிச்சு அனுப்பு. ஏசினாலும் பரவாயில்லை. நான் கையெழுத்து வைக்காமல் வாறன். ஒண்டுமில்லையெண்டால் நான் ஆருக்கு வாறது?”

அம்மா சேலைத் தலைப்பால் அந்தப் பெட்டியைத் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இருக்கவில்லை.

அன்று பின்னேரமே அம்மா ஐயாவிடம் நேராகக் கேட்டுப் பார்த்தாள். இந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்து பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். “பெட்டியோட கதைக்க எனக்கென்ன விசரோ?” என்று சொல்லிவிட்டு அவர் முற்றத்துக்குப் போனார். பெட்டியோடு கதைக்க எனக்கும்தான் முடியாது. அந்த விஷயத்தில் நான் ஐயாவின் பிள்ளை.

வீட்டில் வராத சொல் கரையில் வரலாம் என்று எனக்குத் தோன்றியது. கரையில்தான் அவர் வாய் திறக்கிற மனிதர். ஆனால் அந்தக் கசெற் ரேடியோவுக்குள் இருந்த மைக் கரைக்கு உதவாது. பெட்டிக்குள் மோட்டார் சுற்றுகிற சத்தத்தையும் சேர்த்துப் பிடித்தது. வாய்க்குக் கிட்டப் பிடித்தால்தான் குரல் விழுந்தது. ஐயாவுக்குக் கிட்டப் பெட்டியோடு போய் நிற்கிற துணிவு எனக்கு இல்லை. நீளமான வயரில் ஒரு மைக் வேண்டும். கடையில் விற்பனைக்கு இருந்தது மேடையில் பேசுகிறவர்களுக்கான மைக். உப்புக் காற்றில் கொண்டுபோய் வைக்க முதலாளி தரமாட்டார். ஆகவே நானே செய்தேன்.

துறைமுகத்துப் பழைய சாமான்கள் ஏலத்தில் போய், பட்டினத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு வந்து குவியும். அங்கே டெலிபோன் கைபிடிகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள். முதலில் வாய்ப் பக்கத்து வில்லையைக் கழற்றி, பற்றறி கொடுத்துப் பார்த்தேன். அதற்குள் கரித்தூள் இருக்கும். ஆடாமல் வைத்தால் ஒழுங்காகக் கேட்கும். கொஞ்சம் ஆடினாலும் அப்பளம் பொரிக்கிற சத்தம். கடற்கரைக்கு அது சரிவராது. பிறகு காதுப் பக்கத்து வில்லையை எடுத்தேன். சத்தத்தை வெளியே விடுகிற வில்லை, அதன் முன்னால் சத்தம் போட்டால் உள்ளேயும் வாங்கும் என்பதைக் கடையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மைக் வயரில் மாறிக் கொடுத்தபோது தற்செயலாகக் கண்டிருந்தேன். இந்த வில்லையும் வாங்கியது. பற்றறியும் தேவைப்படவில்லை. சேவல் கூவியதைப் பிடித்துப் போட்டபோது உண்மைச் சேவல் திரும்பவும் பதிலுக்குக் கூவியது.

வில்லையை ஒரு பால்மா டின்னுக்குள் வைத்தேன். டின்னைத் தொட்டால் தட்டுகிற சத்தம் விழுந்தது. சைக்கிள் ரியூப்பை வளையங்களாக வெட்டி, டின்னில் முட்டாமல் நடுவில் தொங்கும்படி வில்லையைக் கட்டினேன். அப்போது சேவலின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. டின்னைச் சுற்றி ஆணியால் துளை போட்டு, உள்ளே பழைய கம்பளித் துணி ஒட்டினேன். கிணறு போய்விட்டது. மேலே பின்னல் கம்பி போட்ட வயர் அதே இரும்புக் கடையில் கிடைத்தது. சாதாரண வயர் என்றால் இரையும்.

அடுத்த சனிக்கிழமை டின்னைக் கரையில் ஒரு கம்பில் கட்டிவிட்டு, வயரை இழுத்துக்கொண்டு வாடிக்குள் போய் இருந்தேன். வலையும் கயிறும் வைக்கிற ஓலைக் கொட்டில்தான் வாடி. வயரில் ஒருவர் தடக்கி விழுந்தார். கயிற்று வேலை செய்கிறவனுக்கு எது தன் கயிறு என்று தெரிய வேண்டாமா என்று மற்றவர்கள் அவரைப் பகிடி பண்ணினார்கள். நான் வெளியே வரவில்லை. பின்னேரம் வீட்டில் போட்டுப் பார்த்தால் முழுக்கக் காற்று. மனிதர் ஒருவர்கூட இல்லை. யாரோ சாக்கைக் கிழித்துக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது.

எங்கள் பக்கம் அந்த மாதங்களில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். துணி சுற்றிப் பார்த்தேன். காற்று நின்றது, குரலும் நின்றது. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. ஒரு கிழமை முழுக்க அதையே யோசித்தேன். எங்கள் வீட்டு வேலி தென்னோலை முடைந்த கிடுகு வேலி, முழுக்க ஓட்டை. ஆனால் அதற்குப் பின்னால் நெருப்புக்குச்சி பற்றவைத்தால் அணைவதில்லை. காற்றை மறிக்கத் தேவையில்லை, களைக்கப் பண்ணினால் போதும் என்று பிடிபட்டது. தென்னை மரத்தில் மட்டையின் அடியைச் சுற்றி வலைபோல இருக்கிற பன்னாடையை எடுத்து, டின்னில் படாமல் வெளியே ஒரு கூடாகச் சுற்றிக் கட்டினேன். பார்க்கக் காக்கைக் கூடுபோல இருந்தது. சைக்கிளில் வைத்து வேகமாக ஓடிப் பார்த்தேன். தெருவில் நின்றவர்களின் குரல் வந்தது. காற்று தூரத்தில் மூச்சு விட்டது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதே வலையில் முதல் கயிறு பிடிப்பவர். அவர் அந்தக் கூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மருமோன், பன்னாடையில கள்ளு வடிச்சுப் பாத்திருக்கிறன். நீர் கதை வடிக்கப்போறீரோ?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. ஆனால் டின்னைக் கட்டினேன். அன்று இழுக்கிறபோது எல்லாம் விழுந்தது. கயிறு இழுக்கப் பாடுகிற அம்பாவும், ஆட்களின் மூச்சும், காலடியில் மண் அரைபடுவதும். ஐயாவின் குரல், அலைக்குள் மிதவை தெரிந்து மறைவதுபோல இடைக்கிடை வந்தது. இழு, விடு, வடக்குப் பக்கம் இறுக்கு. அவ்வளவுதான். அம்மா அதைக் கேட்டுவிட்டு, இந்தச் சத்தமே போதும், இதையே அனுப்பு என்றாள். நான் தலையாட்டவில்லை. தம்பி கேட்டது சத்தம் இல்லை. ஒரு சொல்.

கிண்ணியாக்காரரின் விடுமுறை முடிகிறது, அடுத்த ஞாயிறு புறப்படுகிறார் என்று ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு இருந்தது இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை. தம்பி என்ன கேட்டிருக்கிறான் என்பதை அம்மா மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று காலை டின்னோடு போன என்னை அவர் தோணிக்குப் பக்கத்தில் மறித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

“கயிறு இழுக்கேக்கை பிடிச்சு வேலையில்லை. கறிமீன் பிரிக்கேக்கை வையும். தோணியின்ர அணியத்தில கட்டும். அப்ப உங்கட ஐயா ஒருத்தர்தான் கதைப்பார்.”

ஏன் என்று நான் கேட்டேன். அவர் கடலைப் பார்த்தார். “எங்களுக்கு அதைக் கதைக்க ஏலாது. உம்மட டின்னுக்கு ஏலும்தானே.”

எனக்கு விளங்கவில்லை. சொன்னபடி செய்தேன். கரையில் இழுத்து வைத்த தோணியின் முன்பக்கத்தில் கூட்டைத் தொங்கவிட்டு, வயரை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு போய் வாடிக்குள் இருந்தேன். அந்தத் தோணியின் நிழலில் கால் ஏலாத மனிதர் ஒருவர் எப்போதும் இருப்பார். முன்னொரு காலத்தில் கயிறு பிடித்தவர். இப்போது மிதவைக் கட்டைகளுக்குத் துளை போட்டுக் கொடுப்பார். அவர் அன்றும் தன் ஓலைப்பெட்டியோடு அங்கே இருந்தார்.

மடி கரைக்கு வந்தது. ஐயா நனைந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோணிப் பக்கம் வந்தவர், கூட்டைக் கண்டு நின்றார். என்ன கேட்டார் என்பது என் காதுக்கு வரவில்லை. காற்று பேச்சு முழுவதையும் கடலுக்குக் கொண்டுபோனது. மாமா ஏதோ சொன்னார், ஆட்கள் சிரித்தார்கள். ஐயா வாடிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் ஓலை மறைவுக்குள் ஒதுங்கினேன். பிறகு அவர் குனிந்து மீனைப் பிரிக்கத் தொடங்கினார். அவருடைய கை ஒவ்வொரு இடமாகப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பற்றறி இறங்கிவிடும் என்று அங்கே போட்டுக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் மரவள்ளிக் கிழங்கு தந்தாள். சாப்பிட்டு முடியும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. நான் ஒரு கையால் பெட்டியைத் திருகினேன்.

முதலில் “இதென்ன?” என்று ஐயாவின் குரல். பிறகு மாமா: “அது காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்கிற சாமான், மண்டாடியார்.” சிரிப்பு. பிறகு ஐயா ஒருவர்தான். “கோயிலுக்கு,” என்றார். ஈர மண்ணில் மீன் விழுந்தது. பிறகு ஒவ்வொருவர் பெயராக வந்தது. பெயருக்குப் பின்னால் மீன் விழும், அதற்குப் பின்னால் கால்கள் நகரும். நடுவில் மீன் வாங்க வந்த மீன் கடை முதலாளி அவசரப்படுத்தியிருக்கிறார். ஐயா அவருடைய தலைமுறை முழுவதையும் கூப்பிட்டு ஏசினார். அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். திரும்பவும் பெயர்கள். மாமாவின் பெயர் வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து நான் கையை நீட்டினேன்.

“சின்னவனுக்கு.”

மற்றப் பெயர்களைச் சொன்ன அதே குரல். கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. மீன் விழுந்தது. கால்கள் நகரவில்லை. பிறகு ஓலைப்பெட்டி ஒன்று மண்ணில் உரசி வருகிற சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டில் சின்னவன் என்றால் தம்பி. வேறு ஆள் இல்லை.

அம்மா திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். இன்னொருமுறை போட்டேன். கூப்பிட்ட விதத்தைக் கேட்டாலே தெரிந்தது, இது அன்றைக்கென்று சொன்னது அல்ல. தினமும் சொல்லித் தேய்ந்த சொல். தம்பி போன நாளிலிருந்து அவனுடைய கறிமீனை அவர் மண்ணில் வைத்திருக்கிறார். கால் ஏலாத மனிதர் அதை எடுத்துப் போயிருக்கிறார். கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். கரையைத் தாண்டக் கூடாத கதை என்பதால் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்ற அதே வழக்கம்தான் ஐயாவின் வாயையும் கட்டியிருந்தது. அல்லது அந்த வழக்கம் அவருக்கு வசதியாக இருந்தது. எது என்று நான் இன்றுவரைக்கும் முடிவு செய்யவில்லை.

மனிதக் காது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். எந்தக் கதையை எங்கே கேட்கக் கூடாது என்றும் அது பழகி வைத்திருக்கும். டின்னுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வைத்த இடத்தில் விழுந்ததை வாங்கும். நல்லதோ கெட்டதோ, அது எனக்கு அன்றுதான் விளங்கியது. அதன் பிறகு யாருடைய பேச்சையும் அவர்களிடம் கேட்காமல் பிடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். சேவல், மழை, லாஞ்சி, அம்பா, இவைதான்.

ஐயா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். மூன்றாம் தரம் போட்டபோது அவர் குரல் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். வாளிச் சத்தம் நின்றது. அம்மா குசினி வாசலுக்குப் போனாள்.

“நீங்கள் நாள்தோறும் பிள்ளைக்கு மீன் வைக்கிறீங்களோ?”

“கரைக் கதையை வீட்டில கதைக்கிறதில்லை,” என்றார் ஐயா.

அம்மா வாசலை விட்டு விலகாமல் நின்றாள். ஐயா காலைத் திரும்பவும் முதலிலிருந்து கழுவினார். பிறகு உள்ளே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

“மீன் முதலாளியை ஏசினதை மட்டும் அழிச்சுப்போடு. பொடியன் கேக்கப்போறான்.”

பொடியன் என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் நாங்கள் இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்டோம். அந்த இடத்தை அழிப்பதென்றால் அதற்கு மேல் வெறுமையைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் பின்னால் இருக்கிற பெயர்களும் போய்விடும்.

“அழிச்சால் பக்கத்தில கிடக்கிறதும் போயிடும், ஐயா,” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப கிடக்கட்டும்.”

அடுத்த நாள் பூசைக்கும் நிற்காமல் கிண்ணியாவுக்குப் போய்க் கசெற்றைக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு சொல்லும் நான் பேசிச் சேர்க்கவில்லை. சேர்க்க முயன்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். டின்னை முன்னால் வைத்துக்கொண்டு, தம்பி என்று தொடங்க வேண்டும் என்று இருந்தேன். சுவர்க் கடிகாரம் அடிக்கிற சத்தம் மட்டும் விழுந்தது. அதை அப்படியே விட்டேன்.

தம்பி கையெழுத்து வைக்கவில்லை. அடுத்த கச்சான் தொடங்குவதற்கு முன்னால் வந்துவிட்டான். தங்கியிருந்த இடத்தில் எல்லோரும் அந்தக் கசெற்றைக் கேட்டார்களாம். மீன் முதலாளி வாங்கிய ஏச்சைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிச் சிரித்தார்களாம். தனக்கு முதலில் விளங்கியது மண்ணில் மீன் விழுகிற சத்தம் என்று என்னிடம் சொன்னான். அதைக் கேட்டதும் அடுத்தது என்ன என்று தெரியாமல் காத்திருந்தேன் என்றான். ஐயாவும் அவனும் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால், ஒன்றும் பெரிதாக இல்லை. சாப்பிட்டாயா என்றார். ஓம் என்றான்.

அவன் கயிறு பிடித்த முதல் சனிக்கிழமை நானும் கரைக்குப் போனேன். டின் வீட்டில் ஆணியில் தொங்கியது. அன்று வாடிக்குள் போகாமல் தோணிக்குக் கிட்டவே நின்றேன். ஐயா கோயிலுக்கு வைத்தார், பெயர்களைச் சொன்னார், மாமாவுக்கு வைத்தார். பிறகு, “சின்னவனுக்கு.”

தம்பி குனிந்தான். அதே நேரம் ஓலைப்பெட்டியும் உரசிக்கொண்டு முன்னால் வந்தது. இரண்டு வருடப் பழக்கம், அந்த மனிதர் யோசிக்கவில்லை. தம்பியைக் கண்டதும் பெட்டியைப் பின்னுக்கு இழுத்தார். ஆட்கள் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்கள். தம்பி எடுத்த மீனைத் திரும்ப வைக்கப் போனான்.

ஐயா நிமிரவில்லை. மடிக்குள் கையை விட்டு இன்னொரு பிடி அள்ளி ஓலைப்பெட்டிப் பக்கம் நீட்டினார்.

“நீ ஏன் பின்னுக்குப் போறாய்? கொண்டா பெட்டியை,” என்றார். “இனி உனக்கு உன்ர பேரில.”